தேர்வுக் காலத்தில் பள்ளி மேடை ஏறும் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்துவிட்டால் எங்கள் தலைமையாசிரியர்கள் தேடுவது உங்களைத்தான். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, பிள்ளைகளுக்கு யாராவது வந்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் ஒன்றாகச் சேர்த்து ஷாமியானா நிழலில் உட்கார வைப்போம். மைக்கைத் தட்டிப் பார்த்து உங்கள் கையில் கொடுப்போம். அடுத்த ஒன்றரை மணி நேரம் உங்களுடையது.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். உளவியலில் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனால் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று புரிந்துகொள்ள அந்தத் துறையின் ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நாங்கள் வருடம் முழுக்கச் சொல்லியும் காதில் ஏறாத விஷயம், நீங்கள் ஒருமுறை சொன்னதும் ஏறிவிடுகிறது. நீங்கள் சொன்ன வாசகங்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு இருக்கும் இந்தச் செல்வாக்கு பெரியது. அதை நம்பித்தான் இந்த மடல்.

“உளவியல் ஆராய்ச்சி சொல்கிறது” என்று தொடங்கி நீங்கள் சொல்லும் பல விஷயங்கள், அந்த ஆராய்ச்சி சொன்னவை அல்ல. சில பாதி உண்மை. சில நடக்கவே நடக்காத ஆய்வுகள். அவற்றைத் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். அவற்றின் இடத்தில் வைக்க உண்மையிலேயே நல்ல சரக்கு நிறைய இருக்கிறது.

முதலில் மார்ஷ்மெல்லோ சோதனை. நம் மேடைகளில் அது பெரும்பாலும் சாக்லேட் ஆகிவிடும், பரவாயில்லை. நாலு வயதுக் குழந்தை முன்னால் ஒரு மிட்டாய். “நான் திரும்பி வரும்வரை இதைத் தொடாமல் இருந்தால் இரண்டு தருவேன்” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போகிறார். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் ஜெயித்தார்கள், எடுத்துத் தின்றவர்கள் தோற்றார்கள் என்று கதையை முடிப்பீர்கள். கடைசியில், “நீங்கள் எந்தக் குழந்தை?” என்று கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி.

வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் 1960களின் கடைசியில் இதைத் தொடங்கியது அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில். அங்கே படித்தவர்களில் பலர் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். அந்தச் சோதனைகளில் அவர் தேடியது, காத்திருப்பதற்கு ஒரு குழந்தைக்கு எது உதவுகிறது என்பதை. மிட்டாய் கண்ணெதிரே இருந்தால் சீக்கிரம் கை போனது. மூடி வைத்தால், அல்லது விளையாட ஏதாவது கொடுத்தால், அதே வயதுக் குழந்தைகள் நெடுநேரம் காத்திருந்தார்கள். பிற்கால வெற்றியோடு அதை முடிச்சுப் போட்டது பல ஆண்டுகள் கழித்து, அதுவும் ஒரு சிறிய கூட்டத்தை வைத்து. 2018இல் டைலர் வாட்ஸும் கூட்டாளிகளும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். அதில் கல்லூரிப் படிப்பு முடிக்காத தாய்மார்களின் பிள்ளைகள் நிறையப் பேர். காத்திருப்புக்கும் பதினைந்து வயதுப் படிப்புக்கும் உள்ள தொடர்பு, பழைய ஆய்வு சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பச் சூழலையும் சிறுவயதுத் திறனையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளர் முன்பு வீடற்றவர்கள் தங்குமிடம் ஒன்றில் தன்னார்வலராக வேலை செய்தவர். அங்கே இருந்த பிள்ளைகளைப் பார்த்தபோது, இவர்கள் கையில் மிட்டாய் கிடைத்தால் ஏன் காத்திருக்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்துச் சோதித்தார். படம் வரைய உட்கார்ந்த குழந்தையிடம், “இரு, இதைவிட நல்ல வண்ணங்கள் கொண்டுவருகிறேன்” என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, “மன்னிச்சுக்கோ, இல்லை” என்றார். அப்புறம்தான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம். 15 நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவில் 14க்கு 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒருவர்.

சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த மூன்று நிமிடக் குழந்தையிடம் மனஉறுதி இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? சொன்னதைச் செய்யாதவரை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று அது சரியாகத்தானே கணக்குப் போட்டது!

இப்போது எங்கள் ஷாமியானாவுக்குள் பாருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையனின் அப்பா கரும்பு போட்டிருக்கிறார். கரும்பு முற்றிவிட்டது, ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரவில்லை. வெட்டி அனுப்பினாலும் பணம் எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் காத்திருப்பது என்றால் என்ன என்று அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவனைப் பார்த்து “நீ எந்தக் குழந்தை?” என்று கேட்கிறோம்.

கரும்பு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஓர் உளவியல் ஆய்வு எங்கள் மண்ணிலேயே நடந்திருக்கிறது, ஆனால் நான் கேட்ட எந்த மேடையிலும் அது வந்ததில்லை. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை சோதித்தார்கள். படப் புதிர் ஒன்று. அப்புறம் எண் விளையாட்டு ஒன்று: ‘5 5 5’ என்று எழுதிக் காட்டினால், ஐந்து என்று வாயில் வருவதை அடக்கி, “மூன்று” என்று எத்தனை எண் இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். அறுவடைக்கு முன், அதாவது கையில் காசில்லாத நாட்களில், அதே மனிதர் குறைவாகச் சரி செய்தார், மெதுவாகச் செய்தார், அதிகம் தவறினார். பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார். ஆலைகள் அரவைக்கு ஏற்றபடி வெட்டு நாளை மாதக் கணக்கில் பிரித்துக் கொடுப்பதால், இது வெயில் மழையின் விளைவு என்றும் தள்ள முடியவில்லை. இந்த ஆய்வைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு, அதன் அளவைப் பற்றி விவாதம் இருக்கிறது. ஆனாலும் கடன் கவலை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு எதற்கும் இடம் குறைந்துபோகும் என்பதை இந்த ஊர் ஆட்களுக்குப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். “உன் வீட்டில் பிரச்சினை ஓடும்போது பாடம் மனதில் நிற்கவில்லை என்றால் நீ மக்கு இல்லை. உன் ஊர் விவசாயிகளிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்” என்று உங்கள் குரலில் கேட்டால் அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா!

அடுத்தது 21 நாள். எந்த நல்ல பழக்கத்தையும் 21 நாள் விடாமல் செய்தால் அது ஒட்டிக்கொள்ளும் என்கிறீர்கள். இந்த எண் வந்தது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். “குறைந்தது” என்பது வழியில் உதிர்ந்துவிட்டது, முகம் பழகுவது அதிகாலையில் எழுவதாக மாறிவிட்டது. உண்மையிலேயே அளந்து பார்த்தவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஃபிலிப்பா லாலி. 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்டார். சாப்பாட்டோடு ஒரு பழம், மதியம் ஒரு டம்ளர் தண்ணீர் போன்ற சின்னச் சின்னப் பழக்கங்கள்தான். தானாக வரும் நிலைக்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாளில் வந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு சொன்னது.

எண் தப்பாக இருந்தால் என்ன, நல்லதுதானே என்று நினைக்கலாம். போன வருடம் ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு நாலு மணிக்கு எழ ஆரம்பித்த ஒரு மாணவி மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தாள். “சார், 21 நாள் முடிஞ்சிடுச்சு. இன்னும் அம்மா தண்ணி தெளிச்சாத்தான் எழுந்திருக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் சார் வரலை?” என்றாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்கு எல்லாமே சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பொய்யான கெடு ஒன்று அவளை அழ வைத்தது. லாலியின் ஆய்வில் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய இன்னொரு வரியும் இருக்கிறது: நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடுவதில்லை, மறுநாள் தொடர்ந்தால் போதும்.

நாலு மணிக்கு எழுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே உடலளவில் தள்ளிப்போகிறது என்பதை மேரி கார்ஸ்காடன் போன்ற தூக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் காட்டி வருகிறார்கள். 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. படித்தது மூளையில் பதிவதற்கும் அந்தத் தூக்கம் தேவை. பதினோரு மணிக்குப் படுத்துவிட்டு நாலு மணிக்கு எழும் பிள்ளையைக் கைதட்டச் சொல்லிப் பாராட்டாதீர்கள். கையைப் பிடித்துத் தூங்கச் சொல்லுங்கள்.

பிறகு அந்தக் கோஷம். எல்லோரும் எழுந்து, கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, “என்னால் முடியும்! நான் வெற்றியாளன்!” என்று உரக்கச் சொல்ல வேண்டும். நான் பக்கவாட்டில் நின்று முகங்களைப் பார்ப்பேன். முன்வரிசை துள்ளும். மாதத் தேர்வில் தேறிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அவர்கள். பின்வரிசையில் சிலர் உதட்டை மட்டும் அசைப்பார்கள். அதில் ஒருத்தி கண்ணைத் திறந்து பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள், உடனே தலையைக் குனிந்துகொள்வாள்.

கனடாவில் ஜோவன் வுட்டும் கூட்டாளிகளும் 2009இல் இதைத்தான் சோதித்தார்கள். மணி ஒலிக்கும்போதெல்லாம் “நான் அன்புக்குரியவர்” என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அதனால் கொஞ்சம் நன்மை. தன்னைத் தாழ்வாக நினைத்தவர்களுக்கோ, சொல்லாமல் சும்மா இருந்தவர்களைவிட மனம் இன்னும் சோர்ந்துபோனது. இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்காமல் போனதும் உண்டு. ஆகவே கோஷம் கெடுதல் செய்யும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. யாருக்கு உதவ வேண்டும் என்று நீங்கள் வந்தீர்களோ, அந்தப் பின்வரிசைக்கு அது உதவும் என்று நம்ப ஆதாரம் இல்லை. அவ்வளவுதான்.

கண்ணை மூடி மதிப்பெண் பட்டியலைக் கற்பனை செய்யச் சொல்வதும் இப்படித்தான். 1999இல் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் கலிஃபோர்னியா மாணவர்களைத் தேர்வுக்கு முந்தைய நாட்களில் தினம் சில நிமிடம் கற்பனை செய்ய வைத்தார்கள். ஒரு குழு நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதை நினைத்துப் பார்த்தது. இன்னொரு குழு, மேசையில் உட்கார்ந்து, டிவியை அணைத்து, இன்ன பாடத்தை எடுத்துப் படிப்பதை நினைத்துப் பார்த்தது. படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் சீக்கிரம் படிக்கத் தொடங்கினார்கள், அதிக நேரம் படித்தார்கள், அதிக மதிப்பெண் வாங்கினார்கள். மதிப்பெண்ணைக் கற்பனை செய்தவர்களுக்கு அது கைகொடுக்கவில்லை. ஜெர்மனியில் கேப்ரியேல் ஓட்டிங்கன் பட்டதாரிகளிடம் கண்டதும் இதே திசையில்தான்: நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டவர்களுக்கு இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வேலை வாய்ப்பும் சம்பளமும் குறைவாகவே இருந்தன. மனம் கனவிலேயே பாதி நிறைந்துவிட்டால் கால் நகராது போலும்.

இன்னும் சில உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் லட்சியத்தை எழுதி வைத்த 3 சதவீதம் பேர் மற்ற 97 சதவீதத்தையும் சேர்த்து மிஞ்சிய சொத்துச் சேர்த்தார்கள் என்ற ஆய்வு நடக்கவே இல்லை. பத்திரிகையாளர்கள் தேடிப் போனபோது யேலிலேயே அப்படி ஒன்று கிடைக்கவில்லை. பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்பது, ஆல்பர்ட் மெஹ்ரபியன் 1967இல் ஒற்றைச் சொற்களையும் முகப் படங்களையும் வைத்து, விருப்பு வெறுப்பு எப்படி வெளிப்படுகிறது என்று பார்த்ததிலிருந்து பிய்த்து எடுத்தது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது முழுக்கப் பொய். நேர்முகத் தேர்வுக்கு முன் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றால் ஹார்மோன் மாறும் என்ற 2010 ஆய்வு 42 பேரை வைத்து நடந்தது. 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாறவில்லை. அந்த ஆய்வை எழுதியவர்களில் முதலாமவரான டேனா கார்னியே, அந்த விளைவை இப்போது தான் நம்பவில்லை என்று 2016இல் வெளிப்படையாக எழுதினார்.

இதையெல்லாம் கேட்டு உளவியலே நம்பத்தகாதது என்று நினைத்துவிட வேண்டாம். 2015இல் நூறு ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்து, 36 சதவீதத்தில்தான் பழைய முடிவு உறுதியாகக் கிடைத்தது என்று ஊரறியச் சொன்னவர்களும் உளவியலாளர்கள்தான். தன் தவறைத் தானே தேடிப் பிடிக்கும் துறை அது. சலித்த பிறகு நிற்பவற்றை நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி நிற்பவற்றில் எங்கள் பிள்ளைகளுக்கு மிக அவசியமானது, படிக்கும் முறை பற்றியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் செய்தது. ஒரு பத்தியை ஒரு குழு நாலு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவுக்கு வந்ததை மூன்று தடவை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால்: அவர்களுக்கு 83 சதவீதம், மூடிவைத்து எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61. இதில் முக்கியமான விஷயம், திரும்பப் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பிக்கையாக இருந்தார்கள்.

என் வகுப்பில் இதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். பழைய வினாத்தாள்களின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். கரிம வேதியியலில் ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். நினைவில் உள்ள வினைகளை எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது, கையெழுத்துப் பார்ப்பதில்லை. முதல் ஐந்து நிமிடம் பேனாவைக் கடித்துக்கொண்டு மேலே பார்ப்பார்கள், “சார், எல்லாம் மறந்துபோச்சு” என்பார்கள். அந்தத் திண்டாட்டத்தில்தான் வேலை நடக்கிறது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிறப் பேனாவில் சேர்ப்பார்கள். மூன்று நாள் கழித்து அதே பாடத்துக்கு இன்னொரு தாள். வேறு நிறம் குறைந்துகொண்டே வருவதை அவர்களே பார்க்கிறார்கள். மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று நாங்கள் தனியாகப் பிரித்து உட்கார வைத்திருந்தவர்களில் சிலர் புக் பேக் கேள்விகளை இப்படித்தான் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் அதற்குமுன் சோம்பேறிகளாக இருக்கவில்லை. இரவெல்லாம் படித்தார்கள், கோடு போட்டுக் கோடு போட்டுப் படித்தார்கள். 2013இல் ஜான் டன்லோஸ்கியும் கூட்டாளிகளும் பத்துப் படிக்கும் முறைகளை ஒப்பிட்டபோது, கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழ்த்தட்டில் இருந்தன. தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே இருந்தன.

பிள்ளையிடம் முயற்சி இல்லை என்று மேடையில் சொல்லிவிடுவது சுலபம். எங்கள் பள்ளியில் நான் பார்க்கும் பெரும்பாலான பிள்ளைகளிடம் முயற்சி இருக்கிறது. அது தப்பான முறையிலும், கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும் செல்போனிலும், வீட்டுக் கவலையிலும் வழிந்து ஓடுகிறது. முறையையும் சூழலையும் மாற்றிக்கொடுக்காமல் உறுதியை மட்டும் கேட்டால், தோற்கும்போது பழி முழுக்கப் பிள்ளையின் தலையில் விழுகிறது.

செல்போனுக்கும் ஆய்வு உண்டு. ஏஞ்சலா டக்வொர்த்தும் கூட்டாளிகளும் 2016இல் மாணவர்களிடம் பார்த்தார்கள்: மனதை அடக்கிக்கொள் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கவனத்தைக் கலைப்பதைக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்து என்று சொல்லப்பட்டவர்கள் அந்த வாரத்துப் படிப்பு இலக்கை நன்றாக எட்டினார்கள். மிஷல் மிட்டாயை மூடி வைத்தபோது நடந்ததும் அதுதான். “படிக்கும்போது போனை அம்மாவிடம் கொடு” என்று சொல்வது “புலனை அடக்கு” என்று சொல்வதைவிட நடக்கக்கூடிய காரியம்.

“நன்றாகப் படிப்பேன்” என்ற சபதத்தையும் கொஞ்சம் மாற்றலாம். பீட்டர் கோல்விட்சர் செய்த ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பவேண்டிய மாணவர்களில் பாதிப் பேரை, எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவாய் என்று முன்கூட்டியே குறிக்க வைத்தார்கள். அவர்களில் 71 சதவீதம் பேர் நேரத்துக்கு எழுதினார்கள். குறிக்காதவர்களில் 32 சதவீதம். “டியூஷன் முடிந்து வந்து கைகால் கழுவியதும், திண்ணையில் உட்கார்ந்து, இயற்பியல் ஐந்தாம் பாடத்துக் கணக்கு மூன்று” என்று எழுதும் பிள்ளைக்கு அந்த நேரம் வந்ததும் யோசிக்க வேண்டியதில்லை.

தோல்வியைப் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டுகிறேன். “இந்தத் தேர்வுதான் உன் வாழ்க்கை”, “அம்மாவின் கண்ணீருக்கு இதுதான் பதில்” போன்ற வரிகளுக்குக் கூட்டமே அழும். அழுதது பேச்சு வெற்றி பெற்றதன் அடையாளம் இல்லை. நாங்கள் மே மாதத்தில் தேர்வு முடிவு நாளன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்கு ஓடுவது என்று காத்திருப்பவர்கள். உயிரை விட்ட மாணவர்களின் கதையை, விவரமாக, உருக்கமாக மேடையில் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்வது பாதிப்பை அதிகமாக்கலாம் என்பதும், நெருக்கடியைக் கடந்து வந்தவர்களின் கதை காப்பாற்றக்கூடும் என்பதும் ஊடகச் செய்திகளை வைத்து வியன்னாவில் நடந்த 2010 ஆய்வு முதல் தொடர்ந்து பேசப்படுகிறது. தோற்று, துணைத்தேர்வு எழுதி, அதே வருடம் கல்லூரியில் சேர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கதையைச் சொல்லுங்கள். 14417 பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண், 14416 மனநலத்துக்கான டெலிமானஸ் எண், 104 மருத்துவ உதவி எண் என்று சொல்லி, எழுதிக்கொள்ள நேரம் கொடுங்கள். 2017இல் தமிழ்நாடு அரசு மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. எத்தனை பேச்சு பேசினாலும் இறங்காத ஒரு பாரத்தை அந்த ஒரே முடிவு எத்தனையோ வீடுகளில் இறக்கி வைத்தது என்று நான் நம்புகிறேன்.

ஒருமுறை வந்து ஒரு மணி நேரம் பேசுவதால் என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். டேவிட் யேகரும் குழுவும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். மூளையின் திறன் முயற்சியாலும் நல்ல முறையாலும் வளரும் என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம், கணினியில். பின்தங்கியிருந்த மாணவர்களின் மதிப்பெண் சராசரி சிறிதளவு, சுமார் நாலு புள்ளி வரை போகும் அளவுகோலில் 0.1 புள்ளி உயர்ந்தது. கூடப் படிப்பவர்களும் சவாலை மதிக்கும் பள்ளிகளில்தான் அது நன்றாக வேலை செய்தது. சிறிய பலன், ஆனால் உண்மையான பலன். நீங்கள் போன பிறகு அதைத் தாங்கிப் பிடிப்பது எங்கள் வேலை, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த முறை வரும்போது கடைசி இருபது நிமிடத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஆளுக்கொரு தாள் நாங்கள் தயாராக வைத்திருப்போம். ஒரு பக்கம், இன்று மாலை எங்கே, எப்போது, எந்தப் பாடம் என்று எழுதட்டும். மறுபக்கம், இந்த வாரம் நடத்திய பாடம் ஒன்றைப் பார்க்காமல் எழுதட்டும். நீங்கள் மேடையை விட்டு இறங்கிப் பின்வரிசைப் பக்கம் நடந்து வாருங்கள், அங்கே இருப்பவர்களுக்கு உங்களிடம் கேட்க நிறைய இருக்கும். வெயில் ஏறுவதற்குள் காலை முதல் இரண்டு பாடவேளையில் வைத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி, திருவண்ணாமலை மாவட்டம்